நாலாம் பரணில் சுட்டவர்

மாதத்தின் முதல் வியாழக்கிழமை பின்னேரம், ஜெர்மனியின் பீலெஃபெல்டு நகருக்குத் தெற்கே காட்டோரத்து மதுச்சாலை ஒன்றில் எட்டு வேட்டைக்காரர்கள் கூடி டோர்பென் சில்பர்ஹோர்னைத் திட்டுவார்கள். ஆதாரத்தோடு திட்டவேண்டும் என்பதற்காக அவருடைய நிகழ்ச்சியில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் பார்த்துவிட்டு வருவார்கள்.

சில்பர்ஹோர்ன் தொலைக்காட்சி வேட்டைக்காரர். ஞாயிறுதோறும் பனிமூட்டத்துக்குள் நடப்பார். தனிமையைப் பற்றிக் கிசுகிசுப்பார். பிறகு எதையாவது சுடுவார். சுட்டதன் பக்கத்தில் முழந்தாளிட்டு அழுவார். கண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு கமரா தயாராக இருக்கும்.

"காத்துப் பின்னால இருந்து அடிக்குது, இவர் மானுக்கு முன்னால போய் நிக்கிறார். அந்த மானுக்கு என்ன, மூக்கடைப்போ?" என்பார் ஒருவர்.

"தலைக்கு மேல ட்ரோன் இரையுது. கீழ ஆள் குசுகுசுக்கிறார்."

"களுசான்ல ஒரு சேத்துப் பொட்டு இல்லை. மனுசி அயர்ன் பண்ணிக் குடுத்து விடுறா போல."

"அழுறதெண்டால் வீட்டில இருந்து வெங்காயம் உரிக்கலாமே. ஏன் இவ்வளவு தூரம் வந்து ஒரு பண்டியைக் கரைச்சல் படுத்துறான்?"

கடைசி வார்த்தை எப்போதும் டொக்டர் ஒஸ்டர்மனுடையது. அவர் பல் வைத்தியர். அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். "உவன் வேட்டைக்காரன் இல்லை," என்பார். "உவன் பெர்ஃபியூம் விளம்பரம்." எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்காதவருக்கு அந்தக் காட்டில் ஏறியிருந்து சுட நல்ல பரண் கிடைப்பதில்லை.

அவர்கள் பேசுவதெல்லாம் வெஸ்ட்ஃபாலிய ஜெர்மன்தான். ஆனால் முப்பத்து மூன்று வருடங்களாக நவரத்தினத்தின் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகிறது. நாமும் அப்படியே கேட்டுக்கொள்வோம்.

நவரத்தினம் அந்த மேசையின் எட்டாவது ஆள். வயது ஐம்பத்தைந்து. ஜன்னல் கொண்டி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சீர்செய்து ஓடவைப்பவர். வேட்டைக்காரர் பரீட்சையை நாற்பத்தாறாவது வயதில், இரண்டாம் முறைதான் பாஸ் பண்ணினார். முதல் முறை ஒரு சொல்லில் தவறிவிட்டார். குண்டு பட்ட இடத்தில் நிலத்தில் என்ன தெரியும் என்று கேட்டார்கள். "இரத்தம்" என்றார். பரீட்சகர் பேனையை மேசையில் வைத்தார். ஜெர்மன் வேட்டைக்காரனின் அகராதியில் மிருகத்துக்கு இரத்தம் கிடையாது. அது ‘ஷ்வைஸ்’, அதாவது வியர்வை. கண் என்றால் விளக்கு, முயலின் காது என்றால் கரண்டி. அடுத்த வருடம் போய் "வியர்வை" என்று சொல்லிப் பாஸ் பண்ணினார். அதன் பிறகு தொழிற்சாலையில் யாராவது "வியர்த்துக் கொட்டுது" என்றால் அவர் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பதுண்டு.

துவக்கு இருந்தால் போதாது, காடும் வேண்டும். காடு இல்லாதவர், காடு வைத்திருப்பவரிடம் ஒரு பக்கத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கவேண்டும். அதை எல்லாரும் ‘ஷைன்’ என்பார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பிக்க வேண்டும். ஒஸ்டர்மனிடம் வருவதற்கு முன் நவரத்தினம் பதினொரு குத்தகைக்காரர்களுக்கு எழுதிப் பார்த்தார். ஒன்பது பேர் பதில் போடவில்லை. ஒருவர், உங்கள் கடவுளுக்கு இது சம்மதமா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் யோகா வகுப்பு எடுப்பீர்களா என்று கேட்டிருந்தார். ஒஸ்டர்மன்தான் கையெழுத்துப் போட்டவர். எட்டு வருடங்களாகப் போடுகிறவர்.

அந்தத் தாள் நவரத்தினத்துக்கு ஏன் வேண்டும் என்றால், பரணில் ஏறி இருக்கிற நாலு மணித்தியாலத்துக்கு அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். தொழிற்சாலையில் கேட்பார்கள், கோயில் நிர்வாக சபையில் கேட்பார்கள், வீட்டில் கேட்பார்கள். பரணில் மரம் இருக்கும், குளிர் இருக்கும். அவ்வளவுதான். முன்பெல்லாம் மிருகம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது சில வருடங்களாக அதுவும் இல்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

ஒக்டோபர் வியாழக்கிழமை ஒஸ்டர்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, நவம்பரில் சில்பர்ஹோர்ன் குழுவினர் படப்பிடிப்புக்கு வருகிறார்கள் என்றார். எந்தக் காட்டுக்கு என்று ஒருவர் கேட்டார். "எங்கட காட்டுக்கு," என்றார் ஒஸ்டர்மன்.

வெங்காயக்காரர் மெல்லச் சொன்னார்: "ஆள் சுடுறதில பிழையில்லைத்தான். உண்மையைச் சொல்லவேணும்."

"காட்டைப் பற்றிச் சனத்துக்கு ஆராவது சொல்லத்தானே வேணும்," என்றார் மூக்கடைப்புக்காரர்.

அடுத்த மூன்று கிழமைகளில் அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் தலைமயிர் வெட்டிக்கொண்டார்கள். ஒருவர் தன் நாயை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினார். நாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒஸ்டர்மன் புதுத் தொப்பி வாங்கினார். புதுசு என்று தெரியக்கூடாது என்பதற்காக அதை வீட்டு வாசலில் போட்டு, காரை முன்னும் பின்னுமாக ஏற்றினார்.

படப்பிடிப்புக்கு முதல் நாள் ஒஸ்டர்மன் நவரத்தினத்தைக் கூப்பிட்டார். "நவா, நாளைக்கு நீ அஞ்சாம் பரண். நாலில சில்பர்ஹோர்ன். டைரக்டர் பிள்ளை உன்னைப் பற்றிக் கேட்டவள். நல்லா ஒத்துழை. ஏப்ரல் வருகுது, ஞாபகம் இருக்கட்டும்." கடைசி வசனத்தைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பல் கழட்டும்போதும் அப்படித்தான் சிரிப்பார்.

அடுத்த நாள் நவம்பர் சனிக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வேட்டை. ஒரு பக்கத்திலிருந்து ஆட்களும் நாய்களும் காட்டைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். பரண்களில் இருப்பவர்கள் தங்களைக் கடக்கிற பன்றிகளைச் சுடவேண்டும். என்ன நடந்தாலும் பன்னிரண்டு மணிக் கொம்பு ஊதும்வரை யாரும் பரணை விட்டு இறங்கக்கூடாது.

பத்தே கால் போல மூன்று பன்றிகள் நவரத்தினத்துக்கு முன்னால் வந்தன. கடைசியாக வந்ததைச் சுட்டார். விழுந்தது. பின்னங்கால் இரண்டு தரம் இழுத்தது, பிறகு இல்லை. நவரத்தினம் தேர்மோஸைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றினார்.

இன்னும் தேத்தண்ணீர் ஆறவில்லை, நாலாம் பரணுக்கு முன்னால் ஒரு பெரிய பன்றி வெளிக்கிட்டது. சில்பர்ஹோர்னின் துவக்கு வெடித்தது. பன்றி குப்புற விழப்போய், எழும்பி, ஓடியது. இடது முன்னங்கால் உடைந்த குடைக் கம்பிபோல ஆடிக்கொண்டிருந்தது. மூன்று காலில் முட்பற்றைக்குள் புகுந்துவிட்டது. நவரத்தினம் அது புகுந்த இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டார். வளைந்த பிர்ச் மரம், அதற்கு இடப்பக்கம்.

நூற்றைம்பது மீற்றருக்கு அப்பால் ஒரு கிசுகிசுப்பு கேட்டது. கிசுகிசுப்பு என்றால் பக்கத்து ஊருக்கும் கேட்கக்கூடிய கிசுகிசுப்பு. "விழுந்திட்டுது," என்றது. "நன்றி, காடே."

பன்னிரண்டுக்குக் கொம்பு ஊதியது. நவரத்தினம் இறங்கி நாலாம் பரணுக்குப் போனார். அங்கே சில்பர்ஹோர்னும், டைரக்டர் லீனாவும், ஒஸ்டர்மனும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிலத்தில் விரல் நகத்தளவு எலும்புச் சில்லு ஒன்றும், ஐந்தாறு துளி வியர்வையும்.

"கமராவை நிப்பாட்டு," என்றார் சில்பர்ஹோர்ன். கமரா நின்றதும் அவர் சாதாரண ஆளாகிவிட்டார். அறுபதை நெருங்குகிற, முழங்கால் நோகிற ஒரு ஆள். "எங்கயாம் போனது?" என்று நவரத்தினத்திடம் கேட்டார்.

"பற்றைக்குள்ள. முன்னங்கால் முறிஞ்சிட்டுது. நாய் வேணும். இங்கெபோர்க்கைக் கூப்பிடுவம்."

இங்கெபோர்க் அந்தப் பக்கத்துத் தபால்காரி. காயப்பட்ட மிருகங்களை மணம் பிடித்துத் தேடுகிற நாய் வைத்திருப்பவள். காயப்பட்டதைத் தேடாமல் விடுவது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், வியாழக்கிழமை மேசையில் எட்டுப் பேரும் ஒரே குரலில் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் அதுதான்.

"இப்ப கூப்பிடேலாது," என்றார் ஒஸ்டர்மன். "காயப்பட்ட பண்டியை ரெண்டு மூண்டு மணித்தியாலம் விடவேணும். அது உனக்கும் தெரியும்."

அது சரிதான். உடனே விரட்டினால் ஊர் தாண்டி ஓடிவிடும். ஆனால் நாலரைக்கு இருட்டிவிடும். மூன்றுக்கு நாய் இறங்காவிட்டால் பிறகு இறங்காது.

"எனக்கு இப்ப ஒரு பன்றி வேணும்," என்றாள் லீனா. முப்பது வயதிருக்கும், நல்ல பிள்ளை, இரண்டு நாளாக நித்திரை இல்லை என்று முகம் சொன்னது. "டோர்பென் சுட்டது படத்தில இருக்கு. விழுந்தது இல்லை. விழுந்த பன்றி இல்லாமல் நிகழ்ச்சி முடியாது."

ஒஸ்டர்மனின் கண் அஞ்சாம் பரண் பக்கம் போனது. "நவா, உன்ர பண்டி எத்தினை கிலோ?"

"நாப்பது இருக்கும்."

"நான் கிட்டப் படுத்து எடுத்தால் எழுபது," என்றார் கமராக்காரர்.

நவரத்தினத்துக்கு விளங்கியது. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. தொழிற்சாலைக்குப் போகிற பஸ் பிந்தினால் வருகிற அளவுகூட வரவில்லை. கண்ணுக்குள் அந்தக் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"எடுங்கோ," என்றார். "படம் முடிஞ்ச உடன இங்கெபோர்க்கைக் கூப்பிடவேணும். முடிஞ்ச உடன."

"என்ர வாக்கு," என்றார் ஒஸ்டர்மன்.

"இன்னொண்டு," என்றாள் லீனா, கையைக் கூப்பிக்கொண்டு. "அந்தக் கிளை குடுக்கிற சடங்கை நீங்களே செய்தால் மிக அழகாக இருக்கும்."

ஜெர்மன் வேட்டையில் செத்த மிருகத்தின் வாயில் ஒரு சிறு கிளையை வைப்பார்கள். அது அதனுடைய கடைசிக் கவளம். இன்னொரு கிளையைக் காயத்தில் தோய்த்து, தொப்பியில் வைத்து, சுட்டவருக்கு நீட்டி "வைட்மன்ஸ்ஹைல்" என்று வாழ்த்துவார்கள். நீட்டுகிறவர் சாட்சி. இந்த மிருகத்தைச் சுட்டவர் இவர்தான் என்று காட்டுக்கு முன்னால் அவர் சொல்கிறார் என்று அர்த்தம். மதுச்சாலையில் எவ்வளவு பொய்யும் சொல்லலாம், மான் கொம்பின் ஆறு முனையைப் பத்தாக்கலாம், ஆனால் கிளையில் பொய் சொல்லக்கூடாது. அப்படித்தான் நவரத்தினத்துக்கும் படிப்பித்தார்கள். படிப்பித்தவர் ஒஸ்டர்மன்.

நாற்பது கிலோப் பன்றியை நாலாம் பரணுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்து கிடத்தினார்கள். எலும்புச் சில்லை ஒஸ்டர்மன் சப்பாத்தால் இலைக்குள் தள்ளினார். சில்பர்ஹோர்ன் தோள்களைக் குலுக்கிவிட்டு, அழகாக முழந்தாளிட்டார். முழங்கால் நோவு எங்கே போனதோ தெரியவில்லை.

நவரத்தினம் ஓக் கிளை ஒன்றை முறித்து, தான் சுட்ட காயத்தில் தோய்த்து, தொப்பியில் வைத்து நீட்டினார். "வைட்மன்ஸ்ஹைல்."

"வைட்மன்ஸ்டாங்க்," என்று நன்றி சொன்னார் சில்பர்ஹோர்ன். கண் கலங்கியது.

"அருமை," என்றாள் லீனா. "திரும்பவும் ஒருக்கா."

மொத்தம் ஐந்து தரம். இரண்டாம் தரம் கண்ணீர் நன்றாக வந்தது, ஆனால் விமானம் போனது. மூன்றாம் தரம் நாய் ஒன்று வந்து பன்றியின் வாயிலிருந்த கடைசிக் கவளத்தை இழுத்துக்கொண்டு ஓடியது. பன்றிக்கு இன்னொரு கடைசிக் கவளம் வைத்தார்கள். நாலாம் தரம் ஒஸ்டர்மனின் தொப்பி பின்னால் தெரிந்தது. அவர் அதை வேண்டுமென்றேதான் தெரியவைத்தார்.

நாலாம் தரத்துக்கும் ஐந்தாம் தரத்துக்கும் நடுவில் நவரத்தினத்தின் கைத்தொலைபேசி அடித்தது. மனைவி சிவமலர். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, பன்றிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று கதைத்தார்.

"என்ன, கிடைச்சதோ?" என்றாள் சிவமலர். "கடைக்காரக் கனகலிங்கம் அண்ணை மூண்டு தரம் போன் எடுத்திட்டார். பண்டி எண்டால் தனக்குத் தொடை வேணுமாம்."

"ஓம்."

"கோயில் தலைவருக்கும் ஒரு பங்காம். ஆருக்கும் சொல்லவேண்டாமாம்."

"ஓம்."

"வெள்ளிக்கிழமை விரதம், அதுக்குப் பிறகு சமைக்கட்டோ?"

"ஓம்... ஓம்."

"குரல் என்ன ஒரு மாதிரிக் கிடக்கு? குளிரோ?"

"ஓம்."

"சரி, வையுங்கோ."

திரும்பிப் பார்த்தால் ஒருவரும் அசையவில்லை. நவரத்தினத்தின் சட்டையில் குத்தியிருந்த மைக் வழியாக எல்லாம் ஒலிப்பதிவுக்காரரின் காதுக்குள் போயிருந்தது. லீனாவின் கை நெஞ்சில் இருந்தது.

"நீங்க... பிரார்த்தனை செய்தீங்க," என்றாள் மெதுவாக.

"இல்லை. மனுசியோட கதைச்சனான்."

"ஆனால் ஓம் எண்டீங்களே."

"ஓம். ஓம் எண்டால் எங்கட பாஷையில ‘யா’. ஆம் எண்ட மாதிரி."

"அது இன்னும் அழகு," என்றாள் லீனா. "பிரபஞ்சத்துக்கு ஆம் எண்டு சொல்றது."

நவரத்தினம் விட்டுவிட்டார். பெப்ரவரியில் அது ஒளிபரப்பானபோது, பன்றிக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிற அவருடைய படத்துக்குப் பின்னால் புல்லாங்குழல் ஊதி, அந்த ஐந்து ஓமையும் ஒன்பதாகப் பெருக்கி வைத்திருந்தார்கள். கனகலிங்கம் தன் பலசரக்குக் கடையில் நின்றுகொண்டே போன் எடுத்தார். "என்ன நவம், உங்களிட்ட ஆரோ ஒன்பது கேள்வி கேட்டவங்கள் போல கிடக்கு. ஒண்டுக்காவது இல்லை எண்டு சொல்லியிருக்கலாமே?" அது பிறகு. இப்போது நவம்பர், நேரம் இரண்டு இருபது, பற்றைக்குள் ஒரு பன்றி கிடக்கிறது.

ஐந்தாவது தரத்தோடு லீனா திருப்தியானாள். எல்லாரும் வேட்டைக் குடிலுக்கு நடந்தார்கள். அங்கே நெருப்பு மூட்டி, சாராயக் கிளாஸ்களை அடுக்கியிருந்தார்கள். வெங்காயக்காரர் சில்பர்ஹோர்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். மூக்கடைப்புக்காரர் தன் தொப்பியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். "உங்கட நிகழ்ச்சி ஒண்டும் விட்டதில்லை," என்றார். அதில் மட்டும் பொய்யில்லை.

நவரத்தினம் ஒஸ்டர்மனின் கையைத் தொட்டார். "படம் முடிஞ்சுது."

"என்ன?"

"இங்கெபோர்க்."

ஒஸ்டர்மன் அவரை விறகு அடுக்கிய பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். "நவா, கொஞ்சம் யோசி. அவள் தபால்காரி. இண்டைக்கு இங்க வந்து ஒரு பண்டியைத் தேடினால், திங்கட்கிழமை ஒவ்வொரு வீட்டுக் கடிதப்பெட்டிக்குள்ளயும் அந்தக் கதை கிடக்கும். நாளைக்குக் காலமை பார்ப்பம். டிவிக்காரர் போன பிறகு."

"நாளைக்கெண்டால் செத்திருக்கும்."

"செத்தால் அதுக்கு நல்லது தானே."

"இரவெல்லாம் கிடந்து சாகும்."

ஒஸ்டர்மன் தோளில் தட்டினார். "நீ சரியான இளகின மனசுக்காரன். உங்கட ஆக்கள் எல்லாம் அப்பிடித்தான்." பிறகு குரலை இறக்கி, "ஏப்ரல் வருகுது," என்றார். அந்தத் தரம் சிரிக்கவில்லை.

நவரத்தினம் இளகிய மனதுக்காரர் அல்ல. அந்த நேரம் அவருடைய மனதில் என்ன இருந்தது என்று தேடினால், மேசை லாச்சியைத் திறந்து பார்ப்பது மாதிரி: ஒன்றும் இல்லை, அடியில் பழைய கடதாசி. வாக்குத் தவறியது அவரைச் சுடவில்லை. ஓக் கிளை உறுத்தவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது, நிற்பாட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். கசிகிற குழாயை மூடாமல் வேலையால் வீட்டுக்குப் போக ஏலாது என்பதுபோல.

காருக்குப் பின்னால் போய் போன் எடுத்தார். இரண்டாவது மணிக்கே இங்கெபோர்க் எடுத்தாள்.

"பண்டி. முன்னங்கால். பத்தரை மணி போல. பற்றைக்குள்ள போனது," என்றார்.

"வாறன். இருபது நிமிஷம். ஒஸ்டர்மனுக்குத் தெரியுமோ?"

"அவருக்குச் சொல்லியிருக்கு."

அதுவும் பொய் இல்லை.

"ஆர் சுட்டது?"

எல்லாத் தேடலுக்கும் முதலில் கேட்கிற கேள்வி அது. நவரத்தினம் மனதுக்குள் கணக்குப் போட்டார். சில்பர்ஹோர்ன் என்றால், அங்கே கிடக்கிற நாற்பது கிலோப் பன்றி யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் ஒஸ்டர்மன் நாளைக்கே கணக்கு முடிப்பார். தான் என்றால், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. போன வருடம் வங்கியில் வேலை செய்கிற ஒருவர் ஒரு மானின் காலைச் சுட்டுவிட்டார். ஏப்ரலில் ஒஸ்டர்மன் அவருடைய தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தார். காலைச் சுடுகிறவனுக்கு என் காட்டில் இடமில்லை என்று மேசையில் சொன்னார். மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். நவரத்தினமும் ஆட்டினார். சுட்டது யார் என்று ஒஸ்டர்மனுக்குத் தெரிந்தாலும், மேசைக்கு முன்னால் அந்தச் சொல்லை மாற்றமாட்டார். எப்படிப் பார்த்தாலும் இரண்டு வழியும் ஒரே வாசலுக்குத்தான் போகிறது. ஒன்றில் பேச்சு அதிகம், மற்றதில் குறைவு.

"நான்," என்றார்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இங்கெபோர்க் பின்பக்கக் காட்டுப்பாதையால் வந்தாள். மஞ்சள் தபால் ஜக்கெட்டைக் கழற்றிவிட்டு முள் குத்தாத தடித்த உடுப்பைப் போட்டாள். ஃப்ரீடா என்கிற மண்ணிற நாயைப் பத்து மீற்றர் வாரில் பிணைத்தாள். நவரத்தினம் இலையைக் கிளறி எலும்புச் சில்லை எடுத்துக் காட்டினார். நாய் அதை மணந்து, வளைந்த பிர்ச் மரத்துக்கு இடப்பக்கமாக, ஒரு சத்தமும் இல்லாமல் பற்றைக்குள் இறங்கியது.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேடினார்கள். முள் நவரத்தினத்தின் காதைக் கிழித்தது. அது அவருக்குப் பிந்தித்தான் தெரிந்தது. இரண்டு இடத்தில் பன்றி படுத்து எழும்பியிருந்தது. படுத்த இடத்தில் கையகலம் வியர்வை. இல்லை, இரத்தம். பரீட்சகர் இல்லாத இடத்தில் அவருக்கு அந்தச் சொல்தான் வந்தது. தூரத்தில் குடில் பக்கம் வேட்டைக் கொம்பு ஊதினார்கள். படத்துக்காக ஊதியிருக்கவேண்டும், ஏனென்றால் அதையும் மூன்று தரம் ஊதினார்கள். பொக்கெட்டுக்குள் தொலைபேசி அதிர்ந்தது. ஒஸ்டர்மன். ‘எங்க நிக்கிறாய், குறூப் படம் எடுக்கினம்’ என்று செய்தி வந்தது.

நாலே கால் போல, பள்ளத்துத் தண்ணீருக்குப் பக்கத்தில் பன்றி எழும்பி நின்றது. மூன்று காலில் நின்று ஃப்ரீடாவைப் பார்த்தது. ஓடப் பார்க்கவில்லை. இங்கெபோர்க் நாயைப் பின்னுக்கு இழுத்து நவரத்தினத்தின் கையில் வாரைக் கொடுத்துவிட்டு, நாலைந்து மீற்றரிலிருந்து சுட்டாள்.

பிறகு கிட்டப்போய்க் காலைப் பார்த்தாள். குனிந்தபடியே கேட்டாள்:

"நாலாம் பரணிலயோ நிண்டனீ?"

"ஓம்."

"நாலில டிவிக்காரன் எண்டெல்லோ கேள்விப்பட்டன்."

"இடம் மாறினனாங்கள்."

இங்கெபோர்க் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நாய் பன்றியின் காதை இழுத்துக்கொண்டிருந்தது. "எட்டு வருஷத்தில ஒருக்காவும் நீ என்னைக் கூப்பிட்டதில்லை," என்றாள். "நல்லாச் சுடுற ஆக்களோட எனக்குப் பழக்கம் குறைவு."

நவரத்தினம் நாயின் வாரைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

அவள் பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்தாள். ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு படிவம். திகதி, இடம், நேரம், நாயின் பெயர். சுட்டவரின் பெயருக்கு எட்டுக் கட்டங்கள்தான் விட்டிருந்தார்கள். "எழுத்தெழுத்தாச் சொல்லு. கடிதத்தில பார்த்திருக்கிறன், ஆனால் ஒருக்காலும் சரியா எழுதினதில்லை."

சொன்னார். எட்டுக் கட்டமும் நிரம்பி, மிச்ச எழுத்துகள் அடுத்த பத்திக்குள் போய், ‘குண்டு பட்ட இடம்’ என்பதற்கு மேல் ஏறி நின்றன. அதன் பக்கத்தில் இங்கெபோர்க் ‘இடது முன்னங்கால்’ என்று நெருக்கி எழுதினாள்.

"பிழையான சூட்டுக்குக் காரணம்?"

"கை விறைச்சுப் போச்சு."

இங்கெபோர்க் அவருடைய கையைப் பார்த்தாள். உறை இல்லாத கை; நாயின் வாரை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் இருந்தது. பேனை குளிரில் எழுதவில்லை. வாயால் ஊதிச் சூடாக்கி, எழுதினாள்.

"இதில ஒரு பிரதி ஒஸ்டர்மனுக்குப் போகும். போகத்தான் வேணும்."

"தெரியும். அனுப்பு."

கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினாள். போட்டார். அவருடைய கையெழுத்து எப்போதும் இருப்பதுபோலத்தான் இருந்தது.

"இருட்டுது," என்றாள் இங்கெபோர்க். "பாதை வரைக்கும் இழுப்பம். நீ பின்னங்கால்களைப் பிடி."

நவரத்தினம் பின்னங்கால் இரண்டையும் பிடித்தார். அவள் முன்பக்கம் போய், பிடிக்கக்கூடிய ஒற்றைக் காலைப் பிடித்தாள். பன்றி நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. நின்று நின்று இழுத்தார்கள்.